கறுப்புத் தண்ணீரை ஹியூமிக் என்று வாங்கி ஏமாந்தேன்

நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளைப் பக்கம் கால் ஏக்கரில் லீக்ஸும் கரட்டும் பயிரிடும் நான், கடந்த போகத்தில் சேதனப் பசளை முகவர் ஒருவரிடம் மண்ணைத் தேற்றும் கரைசலான ஹியூமிக் அமிலம் என்று ஐந்து லீற்றர் கலன்கள் நான்கும் கூட்டெரு மூட்டைகள் இருபதும் வாங்கினேன். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது பட்ட பாட்டை மறக்காததால், மண்ணைத் தேற்றிவிட்டால் இனி யாரையும் நம்பியிருக்க வேண்டியதில்லை என்று எண்ணியிருந்த எனக்கு, "இதை ஊற்றினால் எருவும் வேண்டாம், மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைட்டும் வேண்டாம்" என்ற அவருடைய பேச்சு இனித்தது. பற்றுச்சீட்டுக்கூடக் கேட்கவில்லை, அது என் மடத்தனம்.

ஆறாவது வாரத்தில் லீக்ஸ் மஞ்சளித்தது. கரட்டைப் பிடுங்கினால் பாதிக்குமேல் கவட்டைக் கிழங்குகள். அப்போதுதான் கொட்டாமல் வைத்திருந்த மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன்: உள்ளே இன்னும் சூடு, மூக்கில் ஏறும் அமோனியா நெடி, மட்காத மரத்தூள். இவ்வாறு மட்காத தூளை மண்ணில் இட்டால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்குரிய நைதரசனையே எடுத்துக்கொள்ளும். ஈரமான கூட்டெருவில் ஒரு கைப்பிடியைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டிவைத்துச் சில நாட்களில் திறந்து பார்த்திருந்தால், துர்நாற்றமே உண்மையைச் சொல்லியிருக்கும்.

கலனின் கதை இதைவிட மோசம். ஹியூமிக் அமிலம் காரநீரில் கரையும், கடும் அமிலத்தில் கரையாமல் திரளும். வினாகிரி அவ்வளவு கடும் அமிலம் அன்று என்றாலும், நீர்த்த கரைசலில் அதைத் தாராளமாக விட்டால் ஓரளவுக்கேனும் கருந்திரள்கள் பிரிந்து அடியில் படியக்கூடும். அயலவர் வைத்திருந்த, ஹியூமிக் அமிலத்தின் உப்பான பொட்டாசியம் ஹியூமேற்றில் அப்படியே படிந்தது. என்னுடையதோ மறுநாளும் தேநீர்போலக் கலங்கலின்றிக் கறுப்பாகவே நின்றது. சாயமோ கருப்பஞ்சாற்றுப் பாகோ, ஹியூமிக்காக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. படிந்தாலும் செறிவு எவ்வளவு என்பது ஆய்வுகூடத்தில்தான் தெரியும்.

அசல் ஹியூமிக்காக இருந்திருந்தாலும் அந்த முகவர் சொன்னது பொய்தான். ஹியூமிக் மண்ணிலுள்ள ஊட்டத்தைப் பிடித்துவைக்கவும் வேர் வளரவும் துணைசெய்யுமேயன்றி, எருவின் நைதரசனையோ பொசுபரசையோ அதனால் ஈடுசெய்ய முடியாது. தேயிலைக்கு உகந்த எங்கள் புளிப்பு மண்ணில் மரக்கறிக்குத் தேவையான டொலமைட்டின் வேலையையும் அது செய்யாது.

இலங்கையில் பசளை விற்பனையை 1988 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆகவே வாங்குமுன் தேசிய உரச் செயலகப் பதிவு இலக்கத்தை லேபலில் தேடுங்கள், பற்றுச்சீட்டைக் கட்டாயம் கேளுங்கள். என் கலனில் "100% இயற்கை" என்பதைத் தவிர இலக்கமோ உற்பத்தித் திகதியோ இல்லை.

முகவரை அழைத்துக் கேட்டபோது, அடுத்த கலனை அரை விலைக்குத் தருவதாகச் சொன்னார். திறக்காத இரண்டு கலன்களை முறைப்பாட்டுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். மிஞ்சிய மூட்டைகளைக் காட்டுச் சூரியகாந்தித் தழையோடு குவித்து, பதினைந்து நாளுக்கொருமுறை புரட்டி வருகிறேன். இன்னும் சூடு தணியவில்லை.