டிரிப்ளெக்ஸ் பம்புக்கு எந்த பேக்கிங், எந்த வால்வு? ஓர் அரவைப் பருவம் ஓட்டிப் பார்த்தது

சர்க்கரை ஆலைகளில் எவாப்பரேட்டர் (கரும்புச் சாற்றைக் காய்ச்சி வற்றவைக்கும் கலன்) குழாய்களுக்குள் கல்லாகப் பிடித்திருக்கும் படிவைத் தண்ணீர் ஜெட் வைத்து அடித்து எடுப்பது எங்கள் வேலை. டீசல் என்ஜினில் ஓடும் மூன்று பிளஞ்சர் (முன்னும் பின்னும் ஓடித் தண்ணீரைத் தள்ளும் தண்டு) பம்பு, அதாவது டிரிப்ளெக்ஸ், ஒன்றுதான் இருக்கிறது, 500 பார் அழுத்தம். ஆலையைக் கிளீனிங்குக்கு நிறுத்தினால் அது திரும்ப ஓடும்வரை எல்லோரும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அந்த நேரம் பார்த்துத்தான் பேக்கிங் (பிளஞ்சரைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கும் வளையங்கள்) பீய்ச்சும். போன பருவத்தில் மட்டும் மூன்று வகை பேக்கிங், இரண்டு வகை வால்வு மாற்றிவிட்டேன். ஆராய்ச்சி ஆசை எல்லாம் இல்லை, ஒவ்வொன்றாகக் காலை வாரியது, அவ்வளவுதான்.

முதலில் பம்போடு வந்த வி பேக்கிங். துணி வைத்து வார்த்த நைட்ரைல் ரப்பர் வளையங்கள். தண்ணீர் அழுத்தமே அதன் உதட்டை விரித்து பிளஞ்சரோடு ஒட்ட வைப்பதால் கிளாண்டை (பேக்கிங்கை அழுத்திப் பிடிக்கும் மூடியை) முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. நல்ல தண்ணீர் கிடைத்த இடங்களில் சொட்டுகூட இல்லாமல் ஓடியது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் ஓர் ஆலையில் போர் தண்ணீரை நேராக விட்டோம். பொடி மணல் உதட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் அதற்கப்புறம் அது உப்புத்தாள்தான். மூன்றே நாளில் பென்சில் தடிமனில் பீய்ச்ச ஆரம்பித்தது. பேக்கிங் மீது பழி போட மாட்டேன், கிழிந்த ஃபில்டர் பையை மாற்றாதது நான்தான்.

அடுத்தது மஞ்சள் அராமிட் நூலில் பின்னியது. "புல்லட் புரூஃப் சட்டைக்குப் போடுற நூல் சார், தேயவே தேயாது" என்றார் கடைக்காரர். பொய் சொல்லவில்லை, அது தேயவில்லைதான், பிளஞ்சர் தேய்ந்தது! எங்களுடையது லேத் பட்டறையில் செய்து ஹார்டு குரோம் போட்ட பிளஞ்சர். கழற்றிப் பார்த்தால் பேக்கிங் உட்கார்ந்த இடத்தில் நகத்தால் தடவினாலே தட்டுப்படும் அளவுக்கு வரிவரியாகக் கோடு. ஒரு பிளஞ்சர் விலையில் எத்தனை பேக்கிங் செட் வரும் என்று கணக்குப் போட்டு அன்று சாப்பாடு இறங்கவில்லை. முழு அராமிட் போடுவதானால் டங்ஸ்டன் கார்பைடு கோட்டிங் மாதிரி கெட்டியான பிளஞ்சர் வேண்டும். இதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

மூன்றாவதுதான் நிலைத்தது: நான்கு மூலைகளில் மட்டும் அராமிட், நடுவில் கிராஃபைட் கலந்த டெஃப்லான் நூல். மூலை கெட்டியாக இருப்பதால் அழுத்தத்தில் இடுக்குக்குள் பிதுங்குவது குறைவு, பிளஞ்சரில் அதிகம் உரசுவது வழுவழுப்பான பகுதி. கார்பைடு கோட்டிங் பிளஞ்சரும் சேர்த்துப் போட்டேன். மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டிப் போடாதீர்கள், 500 பாருக்கு அச்சில் அழுத்தி வளையமாகவே வருவதை வாங்குங்கள். அதோடு பேக்கிங்குக்குப் பின்னால் இருக்கும் வெங்கல புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புஷ்ஷுக்கும் பிளஞ்சருக்கும் நடுவே இடைவெளி பெருத்துவிட்டால் எந்த பேக்கிங்கும் அது வழியாகப் பிதுங்கி வெளியே வந்துவிடும், புதுசு போட்டும் நிற்கவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம் என்பது என் சந்தேகம்.

பின்னல் பேக்கிங் சொட்டத்தான் வேண்டும். அந்தச் சொட்டுதான் அதற்குக் குளிர்ச்சியும் எண்ணெயும். புதிதாக வந்த பையன் ஒருவன் சொட்டை நிறுத்துகிறேன் பேர்வழி என்று ஸ்பேனரில் தொங்கினான், பத்து நிமிடத்தில் புகை. டெஃப்லான் சூட்டைக் கடத்தாது, சூடேறினால் நன்றாக விரியும், விரிந்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும், பிடித்தால் இன்னும் சூடு. சொட்டு அதிகமாக இருந்தால் கிளாண்ட் நட்டில் ஒரு பட்டை (ஒரு பக்கம்) அளவு இறுக்கிவிட்டுப் பத்து நிமிடம் டீ குடியுங்கள், அப்புறம் வேண்டுமானால் இன்னொரு பட்டை.

சரி, வால்வுக்கு வருவோம். கடை பெயர் வேண்டாம். 17-4 பிஎச் (சூடாக்கிக் கடினப்படுத்தக்கூடிய ஸ்டெயின்லெஸ்) ஸ்டீல் என்று பில் போட்டு வால்வும் சீட்டும் (வால்வு மூடும்போது வந்து உட்காரும் வளையம்) கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் பிரஷர் கேஜ் முள் ஆட ஆரம்பித்தது. நீளமான ஸ்க்ரூ டிரைவரை ஹெட்டில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டால், மூன்றில் ஒன்று மட்டும் 'உஸ்ஸ்' என்றது. கழற்றினால் சீட்டில் தலைமுடி போல ஒரு கீறல், தண்ணீரே அறுத்தது. லேப்பிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. எரிச்சலில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. 17-4 காந்தத்தில் நன்றாக ஒட்டும். ஒட்டாமல் நழுவியது 304 வகை சாதா ஸ்டெயின்லெஸாகத்தான் இருக்க வேண்டும், அதைச் சூடாக்கிக் கடினப்படுத்தவும் முடியாது. (ஒட்டிவிட்டால் 17-4 தான் என்றும் அர்த்தமில்லை, 410 என்ற இன்னொரு வகை ஸ்டெயின்லெஸும் ஒட்டும். ஒட்டாவிட்டால் நிச்சயம் ஏமாற்று.)

பிறகு வேறு இடத்தில் கடினப்படுத்திய கூம்பு வால்வு செட் வாங்கினேன், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை. பருவம் முடியும்வரை லேப்பிங்குக்குக்கூடக் கழற்றவில்லை. பந்து வால்வு போடலாமே என்று ஒருவர் சொன்னார், அது குழம்பு மாதிரி கெட்டியான திரவத்துக்கு நல்லது, வேகமாக ஓடும் நம் தண்ணீர் பம்புக்கு வேண்டாம்.

மூலை அராமிட் பேக்கிங்குக்கு 5க்கு 5. வால்வு செட்டுக்கு 4தான். எங்கள் பம்பில் சக்ஷன் (தண்ணீர் உள்ளே வரும் பக்கம்) வால்வின் ஸ்பிரிங் மெலிசு, டெலிவரி (வெளியே போகும் பக்கம்) ஸ்பிரிங் கொஞ்சம் கெட்டி. இரண்டையும் ஒரே கவரில், எந்த அடையாளமும் இல்லாமல் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஃபிட்டர் மாற்றிப் போட்டதில் பம்பு ஒரு காலை முழுக்கத் தடதடவென்று அடித்தது. சீட்டுக்கு அடியில் வைக்கும் ஓ-ரிங்கும் செட்டில் கிடையாது, தனியாகக் கேட்டு வாங்குங்கள்.