முட்டை விலை ஏறிய பின்: பண்ணை முட்டையா, பின்கட்டுக் கோழியா, பயறா?

2025 இறுதியில் நாமக்கல் பண்ணை விலையே 6 ரூபாயைத் தாண்டியது. காரைக்குடிக் கடைக்கு வரும்போது வண்டி வாடகையும் வியாபாரியின் லாபமும் அதன்மேல் ஏறும். எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு தினம் ஒன்று என்றால் மாதம் 150 முட்டை. விலை ஒரு ரூபாய் கூடினால் 150 ரூபாய் கூடுதல் செலவு. அதனால்தான் மாற்று வழிகளை யோசித்தோம்.

பயறு மலிவு. 100 கிராம் தட்டைப்பயற்றில் ஏறத்தாழ நான்கு முட்டையின் புரதம் இருக்கிறது. ஆனால் பி12 கிடையாது. பெரியவர்கள் பால், மீன் மூலம் ஈடுகட்டிக்கொள்ளலாம். மீனைத் தொடாத எங்கள் பிள்ளைகளுக்கு முட்டையை நிறுத்த எனக்கு மனமில்லை.

"பின்கட்டு சும்மாத்தானே கிடக்கிறது? நாலு கோழியை விட்டால் முட்டைக்கு எதற்குக் காசு?" என்றார் அப்பத்தா. பஞ்சாரம், குருணை, கீரித் தொல்லை, வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி எல்லாம் சமாளிக்கக் கூடியவைதான். சமாளிக்க முடியாதது அடை. நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரிக்க 21 நாள். பிறகு குஞ்சுகளோடு சில வாரங்கள். அதுவரை முட்டை இல்லை. ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் தேறும். நான்கு கோழி வளர்த்தாலும் வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டைகூட முழுதாக வராது. அதுவும் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று அடைக்கு உட்கார்ந்தால், அந்த மாதம் கடைக்குத்தான் போக வேண்டும். பண்ணையின் வெள்ளைக்கோழி அடைக்கு உட்காராமல் ஆண்டுக்கு 300க்கு மேல் இடுகிறது. விலை ஏறிய பிறகும் பண்ணை முட்டை கட்டுப்படியாவது இதனால்தான். நான் கவனித்தது பக்கத்து வீட்டுக் கோழிகளை மட்டுமே. கானாடுகாத்தான் பக்கம் தோட்டத்தில் நிறையக் கோழி வளர்ப்பவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம்.

ஆகவே பண்ணை முட்டையையே தொடர்கிறோம், அளவாக. பிள்ளைகள் இருவருக்கும் தினமும். பெரியவர்களுக்கு வாரம் மூன்று நாள். மற்ற நாட்களில் முட்டைக் குழம்புக்குப் பதில் அதே மசாலாவில் தட்டைப்பயற்றுக் குழம்பு. ஐந்து அட்டை வாங்கிய இடத்தில் மூன்றரை அட்டை போதுமானதாக இருக்கிறது. அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்குப் பள்ளி நாட்களில் அங்கேயே முட்டை கிடைத்துவிடுவதால், அந்த வீடுகளில் இன்னும் குறைவாக வாங்கினால் போதும்.