‘லினக்ஸ் சப்போர்ட் உண்டு’ என்ற ஒரு வரியை நம்பிப் பாதி மாதச் சம்பளம் போனது

பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் என் புகாரை மூன்றாவது முறையாக மூடினார்கள். ‘தீர்க்கப்பட்டது’ என்று குறிப்பு வேறு. ஒன்றும் தீரவில்லை. பாதி மாதச் சம்பளம் கொடுத்து வாங்கிய லேசர் பிரிண்டர் இதுவரை ஒரு தாள்கூட அடிக்காமல் மேசையில் கிடக்கிறது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், பிரிண்டர் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் விசாரிக்காமல் வாங்கவில்லை. எல்லாப் பொருளும் விற்கும் ஒரு பெரிய இணையத் தளம். பொருளின் பக்கத்திலேயே ‘விண்டோஸ், மேக், லினக்ஸ்’ என்று போட்டிருந்தது. அதுவும் போதாதென்று, என் கணினியில் உள்ள உபுண்டு என்ற லினக்ஸின் பதிப்பு எண்ணையே எழுதி, இதில் ஓடுமா என்று விற்பவரிடம் கேட்டேன். அரை மணியில் பதில் வந்தது: ‘கண்டிப்பாக ஓடும் சார், லினக்ஸ் சப்போர்ட் உண்டு.’ பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்தக் ‘கண்டிப்பாக’வை நம்பித்தான் பணத்தைக் கட்டினேன்.

அந்த சப்போர்ட் என்ன தெரியுமா? தயாரித்தவர்களின் தளத்தில் பல வருடம் முன்பு ஏற்றிவிட்டு மறந்துபோன ஒரே ஒரு டிரைவர், அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருள். நிறுவினேன். லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளின் பக்கத்தை உலாவியில் 631-ஆம் போர்ட்டில் திறந்து பிரிண்டரைச் சேர்த்தேன். மாடல் பெயரெல்லாம் சரியாகவே வந்தது. சோதனைப் பக்கம் அனுப்பினால் தாளை இழுக்கக்கூட இல்லை, ‘ஃபில்டர் ஃபெயில்டு’ என்று நின்றுவிட்டது. முனையத்தில் அந்த ஃபில்டரை, அதாவது பக்கத்தைப் பிரிண்டருக்கு ஏற்ற வடிவில் மாற்றும் நிரலை, நேரடியாக ஓட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது! இரவு ஒரு மணிக்கு கோப்பின் வகையைச் சொல்லும் ‘ஃபைல்’ கட்டளை கொடுத்தபோதுதான் விளங்கியது, அது 32 பிட் கோப்பு, என்னுடையதோ 64 பிட் கணினி. அதை ஓட்டுவதற்கான 32 பிட் லோடர் என் கணினியில் இல்லை. சரி என்று அதையும் போட்டேன். அடுத்து, என் பதிப்பின் மென்பொருள் களஞ்சியத்தில் இப்போது இல்லாத ஏதோ ஒரு பழைய நிரல் நூலகத்தைக் கேட்டது. அதோடு வழி அடைபட்டுவிட்டது.

வேறு டிரைவர் போட்டு ஒப்பேற்றவும் முடியாது. பிரிண்டர்களுக்கான பொது மொழிகளில் இந்த மாடலுக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாது, பிசிஎல்லும் தெரியாது. பக்கத்தைப் புள்ளிகளாக்கி, அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் கட்டிக் கொடுப்பது கணினியில் உள்ள டிரைவரின் வேலை. அது ஓடவில்லையென்றால் பிரிண்டர் வெறும் பெட்டி.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. தளத்தில் கேட்டால் விற்பவரைக் கேளுங்கள் என்றார்கள். விற்பவரோ தயாரித்தவர்களைக் கேட்கச் சொன்னார். அங்கே தொலைபேசியில் நாற்பது நிமிடம் காக்க வைத்துவிட்டு, ‘விண்டோஸில் போட்டுப் பாருங்கள்’ என்றார்கள். பக்கத்து வீட்டு லேப்டாப்பைக் கெஞ்சி வாங்கி இணைத்தேன், டிரைவர் ஏறி ‘தயார்’ என்று காட்டியது. உடனே பேச்சு மாறிவிட்டது: ‘பொருளில் குறையில்லை, டோனர் சீலையும் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது.’ சீலைப் பிரிக்காமல் எப்படி அச்சடித்துப் பார்ப்பது? பாதி மாதச் சம்பளம் ஐயா அது!

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனம் ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ‘லினக்ஸ் சப்போர்ட்’ என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது. தனி டிரைவர் இல்லாமல் அச்சடிக்க உதவும் ‘ஐபிபி எவ்ரிவேர்’ அல்லது ‘ஏர்பிரிண்ட்’ வசதி உண்டா என்று பாருங்கள். ஏர்பிரிண்ட் 2010-இல் ஐபோனுக்காக வந்தது. ஆனால் அது உள்ள பிரிண்டரைக் கப்ஸ் பெரும்பாலும் டிரைவர் இல்லாமலே எடுத்துக்கொள்ளும். மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள், பல மாடல்களில் வைஃபை உள்ளதும் இல்லாததும் அந்த ஒரு எழுத்தில்தான் மாறும். ஸ்கேனரும் சேர்ந்ததென்றால் அதைத் தனியாக விசாரியுங்கள், அதற்கு வேண்டியது, டிரைவர் இல்லாமல் ஸ்கேன் செய்ய உதவும் ஈஎஸ்சிஎல். டிரைவர்தான் கதி என்றால் பெட்டியைப் பிரிக்கும் முன்பே அதை இறக்கி, 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்துவிடுங்கள்.

விற்பவர் தரும் பதிலை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை. இன்று போய்ப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் அவர் பதிலும் இல்லை, என் கேள்வியும் இல்லை.