புது எக்ஸ்பல்ஸா, பழைய எக்ஸ்.எல்லா? வன்னிக் கிரவல் றோட்டில் ஒரு கணக்கு

"மாமா, உங்கடை எக்ஸ்.எல்லை எனக்குத் தாறீங்களா, இல்லாட்டி நான் புது எக்ஸ்பல்ஸுக்குக் காசு கட்டவா?" மல்லாவியில் இருக்கிற மருமகன் போன மாதம் போனில் கேட்டான். என் தாழ்வாரத்தில் நிற்கிற ஹொண்டா எக்ஸ்.எல். 125எஸ் அவன் பிறக்க முன்னமே யப்பானில் செய்தது. அவன் கேட்கிற ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி இந்தியப் பைக். இரண்டுக்கும் முன்னுக்கு 21 அங்குலம், பின்னுக்கு 18 அங்குலம், கம்பிச் சில்லு. இரண்டும் கரடுமுரடான பாதைக்கென்று செய்த டிரெயில் பைக். தூரத்தில் நின்று பார்த்தால் ஒரே குடும்பம். ஓடிப் பார்த்தால் அப்படியில்லை.

ஏ9 இலும் மாங்குளம் - முல்லைத்தீவு வீதியிலும் மட்டும் ஓடுகிறவருக்கு இந்த அலசலே தேவையில்லை. காப்பெற் றோட்டுக்கு எந்தப் பைக்கும் போதும். நான் சொல்வது அதற்கு உள்ளே இறங்குகிற கிரவல் றோட்டு, குளக்கட்டு, வாய்க்கால் ஓரம், வண்டில் பாதை பற்றி.

முதலில் பாரம். எக்ஸ்பல்ஸ் கிட்டத்தட்ட 158 கிலோ. எக்ஸ்.எல் 110 சொச்சம். இடையில் ஏறக்குறைய ஒரு சீமெந்துப் பை. கோடையில் அந்தப் பை உதவிதான். கிரவல் றோட்டில் வரிவரியாக எழும்பிக் கிடக்கிற திரையில் புதுசு மிதந்து போகும், பழசு பல்லை ஆட்டிவிடும். எக்ஸ்பல்ஸின் முன் சொக் 190 மில்லிமீற்றர் அமுங்கும், வயிற்றுக்குக் கீழே 220 மில்லிமீற்றர் இடைவெளி. மாரி தொடங்கினால் கணக்கு மாறும். துணுக்காய், முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களியில் ஓடினவர்களுக்குத் தெரியும், அது ரயரில் ஒட்டாது, ரயரே களியாகிவிடும். 100 மீற்றர் போக முதல் சில்லு இரண்டு மடங்கு தடிக்கும். மட்காட் ரயரோடு ஒட்டியிருக்கிற சாதாரணப் பைக் என்றால் களி இறுகிச் சில்லே சுற்றாது. தடி எடுத்துக் கிண்ட வேண்டியதுதான். டிரெயில் பைக்கின் மட்காட் உயரத்தில் நிற்பது அழகுக்கு இல்லை. ஆனாலும் அதுவும் ஒரு நாள் சறுக்கும், விழும். விழுந்த பைக்கைத் தனி ஆளாக நிமிர்த்தும்போதுதான் அந்தச் சீமெந்துப் பையின் பாரம் முதுகுக்குத் தெரியும். எனக்கு வயது 54. எக்ஸ்.எல்லை இன்னும் ஒருவனாக நிமிர்த்துகிறேன்.

அடுத்தது மின்சாரம். என் கணக்கில் பெரிய வித்தியாசம் இதுதான். எக்ஸ்.எல்லுக்கு பற்றரி செத்தாலும் கவலையில்லை. பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை எஞ்சின் சுழலும்போதே மக்னெற் கொடுத்துவிடும், பெற்றோல் தன்பாட்டில் காபரேற்றருக்கு இறங்கும். உதைக்கக் கால் இருந்தால் போதும். புதுசில் பெற்றோலைத் தள்ளுவது ஒரு மின்சாரப் பம்ப், எவ்வளவு தெளிக்க வேண்டுமென்று கணக்குப் பார்ப்பது ஒரு சின்னக் கணினி. இரண்டும் பற்றரியை நம்பியவை.

மருமகனின் கூட்டாளி ஒருவனிடம் வேறொரு புதுப் பைக் இருந்தது. அதில் இரண்டு மேலதிக லைற், போனுக்கு சார்ஜர் எல்லாம் பூட்டியிருந்தான். வவுனிக்குளம் கட்டில் நிற்பாட்டிக் குளித்துவிட்டு வந்து திறப்பைத் திருப்பினால், வழமையாக "ஊங்..." என்று கேட்கிற பம்ப் சத்தம் இல்லை. பற்றரி செத்துவிட்டது. கட்டு முழுக்கத் தள்ளினோம். இரண்டாம் கியரில் போட்டு விட்டுப் பார்த்தோம். ஒரு இருமல்கூட இல்லை. கடைசியில் நெல் ஏற்ற வந்த லான்மாஸ்ரரின் (இரண்டு சில்லு உழவு மெசின்) பெட்டியில் பைக்கை ஏற்றினோம். பைக்கில் பிழையில்லை, மேலதிக லைற் பூட்டினவனில்தான் பிழை. என்றாலும் அந்தப் பிழை அன்றைக்கு எக்ஸ்.எல்லை நிற்பாட்டியிருக்காது.

அதே மின்சாரத்தில் பழசு தோற்கிற இடமும் உண்டு. எக்ஸ்.எல் 6 வோல்ட். ஹெட்லைற் என்று பேர்தான், குப்பி விளக்குக்கு அண்ணன். வேகம் குறைந்தால் வெளிச்சமும் குறையும், அதாவது கவனமாகப் பார்க்க வேண்டிய இடத்தில்தான் கண் தெரியாது. ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணிப் பக்கம் இருட்டினபின் போவதென்றால், றோட்டில் ஆவி பறக்கிற யானை இலத்தியைப் பத்தடி முன்னாலே வந்துதான் காண்பீர்கள். யானையையும் அப்படியே. எக்ஸ்பல்ஸின் எல்.ஈ.டி. லைற்றுக்கு அந்தக் குறை இல்லை. பிறேக்கும் அதே கதை. எக்ஸ்.எல்லுக்கு இரண்டு பக்கமும் ட்றம். வான் பாய்கிற தண்ணியைக் கடந்து ஏறினால் கொஞ்சத் தூரத்துக்கு பிறேக் பிடிக்காது, மெல்ல அழுத்திக்கொண்டே ஓடிக் காயவைக்க வேண்டும். புதுசில் டிஸ்க். பிறேக் பிடிக்கும்போது சில்லு பூட்டாமல் தடுக்கிற ஏ.பி.எஸ். முன் சில்லுக்கு மட்டும். கிரவலில் பின் சில்லைப் பூட்டித் திருப்ப விரும்புகிறவருக்கு அது வசதியும்கூட.

பழசு என்றதும் பலர் யமஹா டி.ரி. 125 ஐத்தான் கேட்பார்கள். அந்த இரண்டு ஸ்ட்ரோக் முறுக்கலுக்கு நானும் ஆசைப்பட்டவன். ஆனால் இரண்டு ஸ்ட்ரோக்கில் காற்று முதலில் போவது கிராங் இருக்கிற அறைக்குள். பில்டர் பஞ்சு கொஞ்சம் கிழிந்திருந்தால் வன்னிச் செம்மண் புழுதி நேரே பெயரிங்கிலும் பிஸ்ரனிலும் போய் உராயும். சிலிண்டரைக் கடைந்து பெரிசாக்கி (போர் அடித்து) ஓவர்சைஸ் பிஸ்ரன் போடலாம்தான், எத்தனை முறை? பெற்றோலோடு சேர்ந்து எரிகிற 2ரி ஒயில் தனிச் செலவு. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்தபோது டி.ரி. வைத்திருந்தவர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பைக் அது.

எண்ணெய்க் கதை வந்ததால் ஒன்று. போர்க்காலத்தில் வன்னிக்குப் பெற்றோல் தடையாக இருந்தபோது இந்த மண்ணை ஓட்டிக் காட்டியது டிரெயில் பைக் இல்லை, யப்பான் தபால்காரருக்கென்று செய்த ஹொண்டா எம்.டி. 90. மூக்கில் கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகையோடு புதுக்குடியிருப்பு வரைக்கும் போய்வந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பம்பும் கணினியும் இருக்கிற எஞ்சினிடம் அப்படியொரு வேலையை யாரும் கேட்க முடியாது. இனிமேல் கேட்கத் தேவை வரக்கூடாது என்பது வேறு விஷயம்.

சாமான் பற்றிச் சொன்னால், எக்ஸ்பல்ஸுக்கு கடையில் கேட்டு வாங்கலாம், இல்லையென்றால் சொல்லிவைத்து எடுக்கலாம். எக்ஸ்.எல்லுக்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். கிளச் பிளேற், கேபிள், செயின் எல்லாம் வேறு பைக்கினதைப் பொருத்தி ஓடலாம். பொறிக்கு மின்சாரம் விடுகிற சி.டி.ஐ. பெட்டி போனால் அலைச்சல். ஆனால் எந்தச் சந்தியில் இருக்கிற கராச்சிலும் அந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்ட ஒரு அண்ணை இருப்பார். புதுசில் எஞ்சின் பிழையைக் காட்டுகிற மஞ்சள் லைற் எரிந்தால் கணினி பூட்டிப் பார்க்கிற இடம்வரை போக வேண்டும்.

பழசு வாங்குகிறவர் எஞ்சினைவிட பதிவுப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். இடப்பெயர்வில் ஆவணம் தொலைத்த சனம் நிறைய. பதிவில் பெயர் மாற்றாமல் ஓப்பின் பேப்பரில் நாலு கை மாறின பைக், பதிவுக்காரர் எங்கே என்று எவருக்கும் தெரியாத பைக் எல்லாம் மலிவாக வரும். எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு சொகுசாக ஓடினாலும் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். செசி இலக்கத்துக்கு மேலே புதுப் பெயின்ற் இருந்தால் தேத்தண்ணி குடிக்கவும் நிற்க வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் யப்பானில் பாவித்து இங்கே இறக்கின ரீகண்டிஷன்கள் இருக்கின்றன: யமஹா செரோ 225, சுசுகி ஜெபல் 200. கையில் காசும் நம்பகமான புத்தகமும் கிடைத்தால் நான் செரோவைத்தான் எடுப்பேன். பாரம் குறைவு, இருக்கை பதிவு, களியில் இரண்டு காலையும் ஊன்றலாம். 2020 இல் இறக்குமதியை நிற்பாட்டினதிலிருந்து இவற்றின் விலை ஏறின ஏற்றத்தை மட்டும் கேட்காதீர்கள். 2025 இல் திறந்த பிறகும் விற்கிறவர்கள் அந்த விலையை மறப்பதாயில்லை.

எந்தப் பைக் என்றாலும் ஒன்று: இங்கே காட்டுக்குள் புதுத்தடம் போடுகிற விளையாட்டு வேண்டாம். மிதிவெடி எடுக்கிற வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. மாடும் லான்மாஸ்ரரும் போன தடத்திலேயே போங்கள்.

மருமகனுக்கு தினமும் மாங்குளம் போய்வர வேண்டும், இரவில் திரும்ப வேண்டும். புதுசுக்கே கட்டு என்றேன். கட்டிவிட்டான். நேற்றுப் பின்னேரம் வந்து எக்ஸ்.எல்லின் திறப்பையும் கேட்டான், வயல் களி காயுமட்டும் மட்டுமாம். அந்தப் பைக் பிறகு தையில் திரும்பி வரும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.