டோரன்ஸ், எல்லிஸ், பர்லி: கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளருக்கு யாருடைய வழி தேறும்?

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கால்பந்தில் ஆன்சன் டோரன்ஸ் வாங்கிய தேசியப் பட்டங்கள் 22. பெக்கி பர்லிக்கு ஃபுளோரிடாவில் கிடைத்தது ஒன்று. ஜில் எல்லிஸுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த எல்லிஸ்தான் 2015, 2019 என்று அடுத்தடுத்து இரண்டு உலகக் கோப்பைகளை வென்றவர். ஆண்கள் கால்பந்தையும் சேர்த்துப் பார்த்தால், அவருக்கு முன் அதைச் செய்தவர் இத்தாலியின் விட்டோரியோ போட்ஸோ ஒருவர்தான், 1934இலும் 1938இலும். ஆக, பட்டங்களை எண்ணி யார் பெரியவர் என்று முடிவு கட்டப் போனால் கணக்கு உதைக்கும். இந்த வேலையில் புதிதாக இறங்கப் பார்க்கும் ஒருவருக்கு மூவரில் யார் போன வழி ஒத்துவரும் என்று பார்ப்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

மூவருமே ஏன் கல்லூரியில் வந்து நின்றார்கள்? வேறு இடம் இல்லை, அவ்வளவுதான். கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று 1972இல் வந்த சட்டத்தால் கல்லூரிகள் பெண்கள் அணிகளுக்கும் பணம் ஒதுக்க வேண்டியதாயிற்று. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1982இல் பெண்கள் கால்பந்துக்குப் பட்டப் போட்டி தொடங்கியது. தொழில்முறை லீகோ 2001இல்தான் வந்தது. மூன்றே சீசனில் மூடிவிட்டார்கள். 2009இல் வந்த அடுத்ததும் மூன்று சீசன்தான். இப்போது ஓடும் லீக் 2013இல் பிறந்தது. அதுவரை மாதச் சம்பளத்துக்கு உத்தரவாதம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில்தான்.

முதலில் டோரன்ஸ். 1951இல் பம்பாயில் பிறந்தவர். (பொது அறிவுப் போட்டிக்கு நல்ல கேள்வி.) நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர் 1977இல் அங்கேயே ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளரானார், 1979இல் பெண்கள் அணியும் கைக்கு வந்தது. சட்டப் படிப்பு அதோடு சரி. 1981இல் முதல் பட்டம், அப்போது பெண்கள் விளையாட்டை நடத்திவந்த வேறொரு சங்கத்தின் போட்டியில். 1982 முதல் 2000 வரை நடந்த 19 பட்டப் போட்டிகளில் 16 அவருக்கு. கூடவே 1986 முதல் 1994 வரை தேசிய அணிக்கும் அவரே பயிற்சியாளர். 1991இல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையை வென்றதும் அவர் அணிதான்.

அவருடைய பயிற்சி முறை ஒன்று இன்றும் பேசப்படுகிறது. ஒருவரோடு ஒருவர் மோதும் ஆட்டம், ஓட்டம், கோலடி என்று பயிற்சியில் நடக்கும் அத்தனைக்கும் வெற்றி தோல்வி குறிக்கப்படும். முதலிடத்திலிருந்து கடைசி வரை பட்டியல் போட்டு எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவிடுவார்கள். அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்திடம் பார்த்துக் கற்றது இது. ரேங்க் அட்டையைக் கதவில் ஒட்டியதுபோல இருந்திருக்கும். பெண்களிடம் இப்படிப் போட்டியை மூட்டலாமா என்று மற்றவர்கள் தயங்கிய காலத்தில் அவர் தயங்கவில்லை.

ஆனால் அவருடைய எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2000க்குப் பிறகு, ஓய்வு பெற்ற 2024 வரை, அவர் எடுத்த பட்டங்கள் ஐந்து; கடைசியானது 2012. மற்ற பல்கலைக்கழகங்களும் பணத்தைப் போட்டு நல்ல பயிற்சியாளர்களைப் பிடித்ததும் எண்ணிக்கை இறங்கிவிட்டது. திறமை குறையவில்லை, எதிரிகள் வந்துவிட்டார்கள். ஆரம்பத்திலேயே இடம் பிடித்ததால் வந்த லாபம் இன்று யாருக்கும் கிடைக்காது.

ஒரே நாற்காலியில் 45 வருடம் என்பதில் இன்னொரு பக்கமும் உண்டு. 1998இல் முன்னாள் வீராங்கனைகள் இருவர் பாலியல் தொந்தரவு என்று வழக்குப் போட்டார்கள். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். இருவரில் இரண்டாமவரோடு 2008இல் வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, வீராங்கனைகளின் அந்தரங்கம் பற்றிய கேலிப் பேச்சில் தானும் கலந்துகொண்டதற்காக எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். வேலை தொடர்ந்தது, இன்னும் 16 ஆண்டுகள். இத்தனை பட்டம் வைத்திருப்பவரை மேலிடம் எளிதில் கேள்வி கேட்காது. நீண்ட காலப் பதவியின் வசதி என்று பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

எல்லிஸ் கதை நேர் எதிர்: நகர்ந்துகொண்டே இருந்தவர். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தார். அப்பா கால்பந்துப் பயிற்சியாளர். ஆனால் மகள் சேர்ந்து ஆட அங்கே அணி இல்லை. 1981இல் குடும்பம் வர்ஜீனியாவுக்கு வந்த பிறகுதான் முறையான அணியில் ஆடினார். படிப்பு முடித்து ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் தொழில்நுட்ப எழுத்தாளர் வேலை. அதை விட்டுவிட்டுத் துணைப் பயிற்சியாளரானார். மேரிலாண்டில் அவருக்கு மேலே இருந்தவர் ஏப்ரல் ஹைன்ரிக்ஸ், 1991 உலகக் கோப்பையில் டோரன்ஸின் கேப்டன். அப்புறம் வர்ஜீனியா, 1997இல் இல்லினாயில் முதல் தலைமைப் பதவி, 1999இல் லாஸ் ஏஞ்சலஸில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம்.

யு.சி.எல்.ஏ.வில் 12 சீசன், எட்டு முறை கடைசி நால்வரில் இடம். 2000, 2004, 2005 இறுதிப் போட்டிகளில் தோல்வி. வேறொருவராக இருந்தால் 'அடுத்த வருடம் பார்ப்போம்' என்று அங்கேயே உட்கார்ந்திருப்பார். அவர் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பில் இளையோர் அணிகளை வளர்க்கும் பொறுப்புக்குப் போனார். 2014இல் தேசிய அணி வந்தது. தேசிய அணியில் 132 ஆட்டங்கள், தோல்வி ஏழு மட்டும்.

ஆனால் அது ஒரே ஒரு நாற்காலி. 2016 ஒலிம்பிக்கில் ஸ்வீடனிடம் பெனால்டியில் தோற்றுக் காலிறுதியோடு திரும்பியபோது, ஒரு கோப்பை கையில் இருந்தும் அவர் தலை உருண்டுவிடும் என்ற பேச்சுதான். கல்லூரியில் ஒரு மோசமான சீசனை ஜீரணித்துக்கொள்வார்கள். எல்லிஸின் வழியில் மிகவும் கற்கத் தகுந்தது முதல் பாதி: பல இடங்களில் துணையாக இருந்து பார்த்தது.

என் ஓட்டு பர்லிக்கு. ஜார்ஜியாவில் பெர்ரி என்ற சிறிய கல்லூரியில் தொடங்கி, அங்கே சிறு கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை இரண்டு முறை வாங்கிய பின், ஃபுளோரிடா பல்கலைக்கழகம் 1995இல் புதிதாக அணி ஆரம்பித்தபோது பொறுப்பேற்றார். அணியில் ஆள் இல்லை, பெயர் இல்லை, பழைய மாணவிகள் இல்லை. நான்காவது சீசனில், 1998 இறுதிப் போட்டியில், டோரன்ஸின் அணியை 1-0 என்று வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் பெண் தலைமைப் பயிற்சியாளர் அவர். கோலடித்த டேனியல் ஃபோட்டோபூலோஸ் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர். பின்னாளில் அமெரிக்கத் தேசிய அணியின் நட்சத்திரமான ஆபி வாம்பாக் அப்போது முதலாண்டு மாணவியாக அணியில் இருந்தார். புது இடத்தில் எதைக் காட்டி ஆள் பிடிப்பது? 'நீங்கள்தான் ஆரம்பம்' என்பதைத்தான்.

இந்த வேலையில் பாதிக்கு மேல் ஆள் பிடிப்பதும் பணம் பங்கிடுவதும்தான். சமீப காலம் வரை ஓர் அணிக்கு முழு உதவித்தொகை 14 பேருக்குத்தான். அதை அரை, கால் என்று உடைத்து இருபத்தைந்து பேருக்கும் மேல் பகிர்வார்கள். யாருக்கு எவ்வளவு என்பதைத் தலைமைப் பயிற்சியாளர் பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணின் பெற்றோரோடு உட்கார்ந்து பேச வேண்டும். தேசியப் பயிற்சியாளருக்கு அந்தத் தலைவலி இல்லை. அவர் வேலை, வளர்ந்து வந்தவர்களில் தேர்ந்தெடுப்பது.

பர்லி 26 சீசன் கழித்து 2021இல் விலகினார். அவருக்குப் பின் வந்தவர் ஒரு சீசன்தான் தாங்கினார். டோரன்ஸ் 2024 ஆகஸ்டில், சீசன் தொடங்கும் நேரத்தில் போனார்; துணையாக இருந்த டேமன் நாஹஸ் இடைக்காலப் பொறுப்பில் அதே டிசம்பரில் பட்டத்தையே வாங்கிக் கொடுத்தார். விட்டுப்போகும் விதத்தில் டோரன்ஸுக்கே மதிப்பெண்.

இன்று ஆரம்பிப்பவருக்கு நிலைமை வேறு. அணியில் 28 பேர் என்ற வரம்பு வந்துவிட்டது, உதவித்தொகை வரம்பு போய்விட்டது, வீராங்கனைகள் வருடாவருடம் கல்லூரி மாறலாம். நான்கு வருடத் திட்டம் போட்டுப் புது அணி கட்டுவது பர்லி காலத்தைவிடக் கடினம். அதனால் மார்கரீட் ஆயோசாசா செய்ததையும் பாருங்கள்: ஸ்டான்ஃபோர்டில் துணைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு, 2022 சீசனுக்கு யு.சி.எல்.ஏ.வுக்குத் தலைமை ஏற்றார். அந்த முதல் சீசனிலேயே இறுதிப் போட்டியில் டோரன்ஸின் அணிக்கு எதிராக 0-2 என்று பின்தங்கி, 16 வினாடி மிச்சமிருக்கும்போது சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்றார். எல்லிஸுக்கு அங்கே 12 சீசனில் கிடைக்காத பட்டம் இது. ஆயோசாசாவின் கையில் இருந்தது பெரும்பாலும் முந்தைய பயிற்சியாளர் சேர்த்துவைத்த அணி என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.