ஆணி அறைந்தால் நாற்காலி: என்ஸோ மாரியின் வரைபடத்தைச் செய்து பார்த்தேன்

இந்த நாற்காலி எனக்கு 1,180 ரூபாயும் இடது கட்டைவிரல் நகமும் செலவு வைத்தது. பலகை, ஆணி, சுத்தியல், அவ்வளவுதான். பசை கிடையாது, துளை போட்டுக் கழுந்து செருகும் வேலை கிடையாது, வளைவு என்று ஓர் இடம்கூடக் கிடையாது.

இத்தாலிய வடிவமைப்பாளர் என்ஸோ மாரி 1974இல் மிலானில் முன்வைத்த 19 வரைபடங்களில் ஒன்று இது. மேசை, கட்டில், அலமாரி, பெஞ்சு எல்லாமே அதில் உண்டு. அந்தக் காலத்தில் தபால் செலவை மட்டும் அனுப்பினால் தொகுப்பு வீடு தேடி வருமாம். தொழிற்சாலைகளும் வியாபாரிகளும் நீங்கலாக யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், செய்தவர்கள் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள் என்பதுதான் அவர் போட்ட நிபந்தனை. 2020இல் மாரி காலமாகிவிட்டார். என் படம் என் கைபேசியிலேயே கிடக்கிறது.

சரக்குப் பெட்டி அடிக்கும் பைன் பலகைகளை மரக்கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கிக்கொண்டேன். அவற்றில் ஒன்று முறுக்கிக்கொண்டிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். வாங்கும்போதே பலகையைக் கண்ணுக்கு நேரே நீளவாக்கில் பிடித்துப் பாருங்கள்.

முதல் பலகை ஓரத்தில் பிளந்தது. இரண்டாவதும் பிளந்தது. அப்புறம்தான் எங்கள் தெரு ஆசாரி வந்து சொல்லிக்கொடுத்தார்: ஆணியின் கூர்முனையைக் கல்லில் வைத்து ஒரு தட்டுத் தட்டி மழுக்கிவிட்டு அறைய வேண்டும். கூரான முனை ஆப்பு மாதிரி நாரை விலக்கிப் பலகையைப் பிளக்கிறது. மழுங்கிய முனை நாரை நசுக்கிக்கொண்டு இறங்குகிறது. இரண்டு ஆணிகள் ஒரே ரேகையில் விழாமல் சற்று விலகியும் இருக்க வேண்டும். அதன் பிறகு ஒரு பலகைகூடப் பிளக்கவில்லை. ஐம்பது வயதுவரை எத்தனையோ நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறேன். இதுவெல்லாம் எனக்குத் தெரியாது.

உட்கார எப்படி? முதுகுக்கு நன்றாகவே இருக்கிறது. இருக்கை பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் பத்திரிகை படிக்கச் சுகம். அதே சாய்வினால் சாப்பாட்டு மேசைக்கு உதவாது, தட்டு எட்டவில்லை. அரை மணிக்கு மேல் உட்கார்ந்தால் பலகை தன் வேலையைக் காட்டும், திண்டு வேண்டும். ஆணித்தலைகளை நன்றாக உள்ளிறக்காவிட்டால் புடவை மாட்டும். என் சுங்குடிச் சேலை ஒன்று போயிற்று.

முடித்த நாற்காலியை ஆசாரியிடம் காட்டினேன். “இது பெட்டி அடிக்கிற வேலை, அம்மா. நாற்காலி வேலை இல்லை” என்றார். சொல்லிவிட்டு அதைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பலகை எதற்கு, இதை எடுத்துவிட்டால் எந்தப் பக்கம் ஆடும் என்று அவர் கேட்கக் கேட்க எனக்குப் பதில் தெரிந்திருந்தது. மாரி எதிர்பார்த்ததும் அதைத்தான்: செய்கிறவருக்குப் பொருளின் கட்டுமானம் பிடிபட வேண்டும்.

பின்லாந்தின் ஆர்டெக் நிறுவனம் 2010இல் இதே நாற்காலியை, அறுத்த பலகையும் ஆணியுமாகப் பெட்டியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரம்பம் பிடிக்க இடமில்லாதவர்களுக்குச் சரி. ஆனால் முறுக்கிய பலகையோடு மல்லுக்கட்டும் அனுபவம் அதில் கிடைக்காது. பெர்லினில் குக்குலா என்ற பட்டறையில் அகதி இளைஞர்கள் இந்த வடிவங்களைச் செய்து விற்க மாரியே அனுமதி கொடுத்திருக்கிறார். வியாபாரிகள் கூடாது என்றவர் இவர்களுக்காக விலக்குக் கொடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

வரவேற்பறைக்கு அழகான நாற்காலி தேடுகிறவர்கள் கடைக்கே போங்கள். விடுமுறையில் பிள்ளைகளுடன் செய்ய இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை. சுத்தியலை மட்டும் முதலில் நீங்கள் பழகிக்கொள்ளுங்கள். ஆசாரி சொன்னபடி முதுகுப்பலகைக்குக் கீழே ஒரு குறுக்குச் சட்டம் சேர்த்தேன். அது மாரியின் வரைபடத்தில் இல்லை. லேசாக இருந்த ஆட்டம் நின்றுவிட்டது.