செயின்ட் லூசியா, டொமினிக்கா, மார்டினிக்: ஒரு பகல் மட்டுமே கிடைத்தால் எந்த எரிமலைத் தீவில் இறங்குவது?

தென் கரீபியக் கடலில் சுற்றும் குரூஸ் கப்பல்களில் பல, ஒரே வாரத்தில் இந்த மூன்று தீவுகளில் இரண்டையாவது தொட்டுவிடுகின்றன. வடக்கே டொமினிக்கா, நடுவில் மார்டினிக், தெற்கே செயின்ட் லூசியா. அட்லாண்டிக் கடலடித் தட்டு கரீபியத் தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டே போவதால் எழுந்த ஒரே எரிமலை வரிசை இது. அதனாலேயே 'ஒன்றைப் பார்த்தால் போதும், மற்றதும் அப்படித்தான் இருக்கும்' என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியில்லை. மூன்று தீவுகளிலும் எரிமலை மூன்று விதமாக நம் முன் நிற்கிறது.

கரையில் நமக்குக் கிடைப்பது சுமார் எட்டு மணி நேரம். அதில் மலையோடு எவ்வளவு நேரம், வண்டிக்குள் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுத்தான் நான் இவற்றை ஒப்பிடுகிறேன்.

விளம்பரப் படங்களில் அதிகம் வருவது செயின்ட் லூசியாதான். கடலிலிருந்து செங்குத்தாக எழும் இரட்டைக் கூம்புகளான பிட்டன் மலைகளை யுனெஸ்கோ 2004-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் தூரத்தில் இருக்கிறது. கப்பல் நிற்பது வடமேற்கே காஸ்ட்ரீஸில். மலைகள் இருப்பது தென்மேற்கே சூஃப்ரியேர் ஊரருகே. வளைந்து வளைந்து ஏறி இறங்கும் சாலையில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வாந்தி வரும் உடம்புக்காரர்களுக்கு அந்தச் சாலை நரகம். கேட்டமரான் படகில் போவது எவ்வளவோ மேல். பிட்டன்களின் முழு உருவமும் கடலிலிருந்து பார்க்கும்போதுதான் கண்ணுக்குள் வருகிறது. இரண்டில் உயரமான க்ரோ பிட்டன் ஏறுவதைக் கப்பல் நாளில் நினைக்கவே வேண்டாம்.

சூஃப்ரியேர் அருகே கந்தக ஊற்றுப் பள்ளம் இருக்கிறது. வண்டி கிட்டத்தட்ட அதன் விளிம்பு வரைக்கும் போகும். சாம்பல் நிறச் சேறு குமிழியிட்டுக் கொதிப்பதைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், கீழே ஆறிய வெந்நீரில் சேறு பூசிக் குளிக்கலாம். வெள்ளிக் கொலுசு, அரைஞாண், மோதிரம் எல்லாவற்றையும் கப்பலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கந்தகக் காற்றில் வெள்ளி கறுத்துப்போகும்.

டொமினிக்காவில் நேரக் கணக்கு தலைகீழாகிறது. கப்பல் பெரும்பாலும் தலைநகர் ரோசோவின் கடைத்தெருவை ஒட்டியே நிற்கும். அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் போனால் ட்ரஃபால்கர் அருவிகள். தந்தை, தாய் என்று ஊரார் பெயர் வைத்திருக்கும் இரண்டு அருவிகள் ஒரே பார்வையில் தெரியும் மேடைக்குச் சிறு நடைதான். பக்கத்திலேயே வாட்டன் வேவன் கிராமம். அங்கே வெந்நீர் ஊற்றுகளைத் தொட்டிகளில் தேக்கிக் குளிக்க விடுகிறார்கள். ரோசோவுக்குத் தெற்கே ஷாம்பேன் ரீஃப் என்ற பவளப் பாறைப் பகுதியில், கடலடியிலிருந்து எரிமலை வாயு குமிழ்குமிழாக மேலே வந்துகொண்டே இருக்கும். ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழாய் போட்டு அதற்குள் நீந்தலாம். அருவி, வெந்நீர், கடல் மூன்றையும் ஒரே பகலில் அவசரமில்லாமல் முடித்துவிடலாம். நடக்கச் சிரமப்படும் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்களுக்கு வாட்டன் வேவன் ஒன்றே போதும்.

ஒரு எச்சரிக்கை. டொமினிக்கா என்றதும் 'கொதிக்கும் ஏரி' பற்றிச் சொல்லி ஆசை காட்டுவார்கள். அது ஆசைப்படத் தக்கதுதான். உலகின் மிகப் பெரிய வெந்நீர் ஏரிகளில் ஒன்று. ஆனால் போய்வர ஆறேழு மணி நேரம் காட்டிலும் சேற்றிலும் நடக்க வேண்டும். கப்பலில் வருகிறவர்களுக்கானது இல்லை, தீவில் தங்குகிறவர்களுக்கானது. மழையும் இங்கே கேட்டுக்கொண்டு வராது. 2017 செப்டம்பரில் மரியா புயல் இந்தத் தீவைச் சூறையாடியது. அதிலிருந்து எழுந்து வந்த மக்களின் வண்டியில் ஏறி, அவர்கள் கடையில் சாப்பிட்டு, கையில் இருக்கும் காசைக் கொஞ்சம் இங்கேயே விட்டுவிட்டு வருவது நியாயம் என்று நினைக்கிறேன்.

மார்டினிக்கில் குமிழியிடும் சேறு பார்க்க முடியாது. பார்க்க வேண்டியது செயின்ட் பியேர் ஊரை. ஃபோர்ட் டி ஃப்ரான்ஸ் துறைமுகத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். 1902-க்கு முன்பு கரீபியத்தின் பாரிஸ் என்று பெயர் வாங்கிய வணிக நகரம் அது. அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியிலிருந்தே ஊரருகே இருக்கும் பெலே எரிமலை சாம்பலைக் கக்கிக்கொண்டிருந்தது, மே 11-ஆம் தேதி தேர்தல் இருந்தது, ஊர் காலியாகவில்லை. மே 8 காலை எட்டு மணியளவில் மலை வெடித்து, தகிக்கும் வாயுவும் சாம்பலும் சேர்ந்த மேகம் சில நிமிடங்களுக்குள் நகரத்தை மூடியது. ஏறக்குறைய 28,000 பேர் மாண்டார்கள். துறைமுகத்தில் நின்ற கப்பல்களும் எரிந்து மூழ்கின. நகருக்குள் பிழைத்த மிகச் சிலரில் ஒருவர் சிபாரிஸ் என்ற கைதி. தடித்த கல்சுவர் கொண்ட சிறையறை அவரைக் காப்பாற்றியது. அந்த அறை இன்றும் இருக்கிறது. அருகிலேயே நாடக அரங்கின் படிக்கட்டு மேலே கட்டடம் இல்லாமல் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. அந்த நாளுக்கான நினைவு அருங்காட்சியகமும் ஊருக்குள் உண்டு.

தமிழர்களுக்கு மார்டினிக்கில் இறங்க இன்னொரு காரணமும் இருக்கிறது. 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து சுமார் 25,000 பேர் கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். பெலே மலையின் வடகிழக்கே பாஸ் புவான்ட் பகுதியில் அவர்கள் வழிவந்தவர்களின் கோயில்கள் இருக்கின்றன. மொழி போய்விட்டது, மாரியம்மனும் மதுரைவீரனும் போகவில்லை. செயின்ட் பியேரையும் இதையும் ஒரே பகலில் பார்க்க வேண்டுமானால் டாக்ஸி பேசிக்கொண்டு காலையிலேயே கிளம்ப வேண்டும்.

பணமும் விசாவும் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டியவை. மார்டினிக் பிரான்சின் பகுதி, செலவாணி யூரோ. ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா எல்லைக்குள் வராது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கையில் ஷெங்கன் விசா இருக்கிறது என்று நம்பி இருந்துவிடாமல் கப்பல் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். மற்ற இரண்டிலும் கிழக்குக் கரீபிய டாலர், 2.70-க்கு ஒரு அமெரிக்க டாலர் என்பது நிலையான மதிப்பு. அமெரிக்க டாலரையே பொதுவாக வாங்கிக்கொள்கிறார்கள்.

என் தேர்வு: முதலில் டொமினிக்கா. வரலாற்றில் மனம் தோய்கிறவராக இருந்தால் மார்டினிக்கை முதலில் வையுங்கள். செயின்ட் லூசியா மூன்றாவது. அங்கே படகுச் சுற்றுலாவுக்கு இடம் கிடைக்காவிட்டால் காஸ்ட்ரீஸ் சந்தையில் நடந்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்புவதில் தவறில்லை.

டொமினிக்காவில் தூரம் குறைவு என்பதால் வெளியே டாக்ஸி பேசிப் போகலாம். செயின்ட் லூசியாவில் சாலை வழியே சூஃப்ரியேர் போவதாக இருந்தால், விலை கூடினாலும் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவிலேயே போங்கள். சாலை அடைபட்டுத் தாமதமானால் அவர்கள் வண்டிக்காகக் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. மார்டினிக் நிறுத்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சாப்பாட்டையும் தண்ணீரையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.